குறை சொல்லி விற்ற கார்

இராவுத்தர் என்னும் பெயருக்குக் குதிரைவீரர் என்று பொருள் கூறுவர். கம்பம் பள்ளத்தாக்கில் அப்பெயர் தாங்கிய குடும்பங்கள் பல. முன்னோர் சுழி பார்த்துக் குதிரை வாங்கியிருப்பர். அவர்கள் வழிவந்த நானோ, ஐம்பத்தாறாம் வயதில், கிளட்சை மிதிக்க வேண்டாத கார் ஒன்றைத் தேடி அலைந்தேன்.

காரணம் என் இடது முழங்கால். உத்தமபாளையத்திலிருந்து தேனிக்குப் போகையில் சின்னமனூர் நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து, இஷாத் தொழுகையில் ஸஜ்தாவிலிருந்து எழுவதே பெரும்பாடாயிற்று. சேமிப்பையும் பழைய கார் விலைபோகும் தொகையையும் கூட்டினால் 4 இலட்சம் ரூபாய். வட்டிக் கடன் நம் வாசல் ஏறக்கூடாது என்பது இல்லத்தில் நாங்கள் வகுத்த எல்லை.

தேனியில் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் விளக்கினார்: “ஹஜ்ரத், தானியங்கியில் வகைகள் உண்டு. எண்ணெயின் சுழற்சியால் விசையைக் கடத்துவது ஒன்று. அது உறுதியானது, விலை கூடியது. பெல்ட்டும் கப்பியும் கொண்டது மற்றொன்று. ஓட்டம் மென்மை, பழுதானால் செலவு பெரிது. ஏ.எம்.டி. என்பது சாதாரணக் கியர்ப்பெட்டிதான். கிளட்சை இயக்குவதையும் கியர் மாற்றுவதையும் ஒரு கருவி செய்கிறது. ஆகவே, கிளட்ச் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளே இருக்கிறது, தேயவும் செய்யும்.”

2014ஆம் ஆண்டு மாருதி சுசுகி செலிரியோவில் இம்முறை வந்த பிறகே, தானியங்கிக் கார் நம் போன்றோர் கைக்கு எட்டலாயிற்று. அவ்வகையில் பழைய கார் ஒன்றைப் பார்த்து, லோயர் கேம்ப் கடந்து குமுளி மலைப்பாதையில் ஓட்டினோம். ஏற்றத்தில் நிறுத்திப் பிரேக்கை விட்டதும் சற்றே பின்னோக்கி நழுவிற்று. “ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடியே ஏற்றத்தில் நிற்காதீர்கள், கிளட்ச் கருகும். கைப்பிரேக்கைப் பிடியுங்கள். இறக்கத்தில் கையால் தாழ்ந்த கியருக்கு மாற்றி இறங்குங்கள்” என்றார் மாணவர். அதன் உரிமையாளரிடம் விபத்து உண்டா, கிளட்ச் எப்போது மாற்றியது என்று துருவித் துருவிக் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை.

மறுநாள் என் காரைப் பார்க்கப் போடியிலிருந்து இளைஞர் ஒருவர் வந்தார். “ஹஜ்ரத் வீட்டுக் கார் என்றால் பார்க்கவே வேண்டாம்” என்று பணத்தை எடுத்தார். என் கார் என்ஜின் எண்ணெயைக் குடிப்பது எனக்கு மட்டுமே தெரியும். அவர் கேட்கவில்லை, என் நாவும் எழவில்லை. விற்கும் பொருளின் குறையை, ‘ஐபு’வை, மறைக்கலாகாது என்றும், பின்னர் அது தெரியவந்தால் திருப்பித்தர வாங்கியவருக்கு உரிமை உண்டு என்றும் முப்பது ஆண்டுகள் பாடம் சொன்ன நாவு அது! கதவோரம் நின்ற மனைவி, “முழங்காலுக்குத்தானே மருந்து தேடினோம்? மனத்துக்கு நோய் வேண்டாம்” என்றார்.

சொல்லிவிட்டேன். விலையில் 40,000 ரூபாய் குறைந்தது. குமுளிப் பாதையில் ஓட்டிப் பார்த்த கார் கைநழுவிற்று. அதே வகையில் மூன்றாண்டு பழைய கார் ஒன்றே வாய்த்தது. அதன் வண்ணம் மங்கியிருக்கிறது. கியர் மாறும்போது சிறு குலுக்கலும் உண்டு.

இஷாவில் இப்போது ஓரளவு எளிதாக எழுகிறேன். சின்னமனூர்ச் சாலையில் அந்த இளைஞர் எதிர்ப்பட்டால், நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதும் இல்லை.