இரைச்சலும் இசையும்

இசைக்கும் இரைச்சலுக்கும் எல்லை வகுப்பது செவியா, பழக்கமா? பிரெஞ்சு வானொலிப் பொறியியலாளர் பியர் ஷெஃபர் 1948இல் இவ்வினாவோடு பாரிசின் பாத்தின்யோல் புகையிரத நிலையத்திற்குச் சென்றார். நீராவி எந்திரங்களின் ஊதலையும் சக்கரங்களின் தாளத்தையும் இசைத்தட்டுகளிற் பதிவுசெய்தார். தட்டின் வரிப்பள்ளமொன்று வட்டமாக மூடப்பட்டதும் ஒரே ஓசை ஓயாது மீண்டது. மீள மீளக் கேட்கையில் வண்டி மறைந்தது. ஓசை மட்டுமே எஞ்சியது. ஏறத்தாழ மூன்று நிமிட ஆக்கமாக அது அவ்வாண்டு ஒக்டோபர் 5ஆந் திகதி வானொலியில் ஒலித்தது.

ஆயின் 1986இல் அவரே, சுரங்களுக்கு அப்பால் இசை இல்லை என்றும் தம் முயற்சி தோற்றது என்றும் கூறினார். வாழ்நாள் உழைப்பை இங்ஙனம் மறுக்க நெஞ்சுரம் வேண்டும். எனினும், அன்று நிலையத்தில் அவர் கேட்டதை அத்தீர்ப்பு அழித்துவிடவில்லை. பழகிய ஓசையைப் புதிதாய்க் கேட்போர் உள்ளவரை அவ்வினாவும் உயிரோடிருக்கும்.