சக்கரத்தில் ஒரு வீடு

லண்டன் விக்டோரியா பஸ் நிலையத்தில், கல்கத்தாவுக்குப் புறப்படத் தயாராக நிற்கும் பஸ்ஸின் பழைய புகைப்படம் ஒன்று உண்டு. பார்த்தவர்கள் ஏராளம். பஸ்ஸுக்குள்ளேயே சமையலறை, படுக்கை, படிக்கும் அறை எல்லாம் இருந்ததாகப் படத்துடன் ஒரு கதையும் வரும். படம் ஒரு பஸ்ஸுடையது, கதை வேறொரு பஸ்ஸுடையது.

படத்தில் இருப்பது 'இந்தியாமேன்'. 1957 ஏப்ரல் 15 அன்று 20 பயணிகளுடன் லண்டனைவிட்டுக் கிளம்பி ஜூன் 5 அன்று கல்கத்தா வந்து சேர்ந்தது. கட்டணம் 85 பவுண்ட். அதில் உட்கார்ந்து வரலாம், குடித்தனம் நடத்த முடியாது. சமையலறையும் படுக்கையும் இருந்தது 'ஆல்பர்ட்' என்ற இரட்டை அடுக்கு பஸ்ஸில். ஆண்டி ஸ்டூவர்ட் என்ற பிரிட்டிஷ்காரர் 1968-ல் சிட்னியில் அதைப் பழைய வண்டியாக வாங்கினார். அந்த வருடம் அக்டோபர் 8 அன்று 13 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டவர், கடலைக் கப்பலில் தாண்டி, 132 நாள் கழித்து லண்டனை அடைந்தார். பிறகு பல தடவை அது லண்டன்-கல்கத்தா பாதையில் ஓடியது. 1972-ல் ஒரு வழிக் கட்டணம் 145 பவுண்ட். கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே படுக்கைகள். எழுபதுகளின் மத்தியில் அந்த ஓட்டம் முடிந்தது.

ஆல்பர்ட்டின் கதையைப் படித்துவிட்டு, கல்கத்தாவில் ஓடித் தேய்ந்த பஸ் ஒன்றை வாங்கி வீடாக்கினால் என்ன என்று யோசிப்பவர்கள் இருக்கிறார்கள். பின்னால் ஒரு சிறிய காரையும் கட்டி இழுத்துக்கொண்டு போனால் இன்னும் சௌகரியம். யாராவது ஏற்கெனவே பாதி வேலை முடித்த வண்டி கிடைத்துவிட்டால் ஆசை இரட்டிப்பாகும். மெத்தை, திரைச்சீலை, கேஸ் அடுப்பு எல்லாம் தயார். வாங்க வருகிறவர் நேராக உள்ளே ஏறி மெத்தையை அழுத்திப் பார்க்கிறார். தப்பு அங்கேதான் ஆரம்பம். முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் அடிவயிற்றை.

கல்கத்தாவில் ஒரு நல்ல மழை பெய்தால் டண்டனியா, ஆம்ஹர்ஸ்ட் தெரு பக்கமெல்லாம் முழங்கால் அளவு தண்ணீர். அதில் பத்து மழைக்காலம் நீந்திய பஸ்ஸின் சேஸிஸ் எப்படியிருக்கும்? புதுப் பெயின்ட் எதையும் மறைக்கும். பழைய ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழே படுத்து, குறுக்குச் சட்டங்களையும் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களையும் குத்திப் பார்ப்பவரிடம் மறைக்க முடியாது. இரும்பு 'டங்' என்றால் சரி. பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம். காற்று பிரேக் உள்ள வண்டியா? மீட்டர் நிரம்பியதும் என்ஜினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அதற்குள் முள் சரசரவென்று இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. என்ஜினை, சூடேற்றி வைக்கச் சொல்லாமல், காலையில் குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்வது நல்லது.

எடையைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டாம். ஆளுக்கு 65 கிலோ என்றாலும் ஐம்பது பேர் மூன்று டன்னுக்கு மேல். அவர்களைச் சுமந்த பஸ்ஸுக்குக் கட்டிலும் பீரோவும் பாரமல்ல. ஆனால் பாரம் எங்கே உட்காருகிறது என்பது முக்கியம். 500 லிட்டர் தண்ணீர் அரை டன். அதைக் கூரைமேல் டாங்க்கில் வைத்தால் வளைவில் வண்டி சாயும். இருக்கைகளுக்குக் கீழே வைக்கலாம்.

கார் இழுப்பதுதான் இதில் வில்லங்கமான விஷயம். கல்கத்தாவில் ஒரு காலத்தில் லாரி போன்ற முகப்பு வண்டி இரண்டடுக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடியது. அங்கே பெட்டியின் முன்பாரம் முகப்பு வண்டியின் பின் அச்சுமேல் உட்கார்ந்தது. பஸ்ஸின் வாலில் கொக்கி மாட்டுவது அப்படியல்ல. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 5 மீட்டர், பின் அச்சுக்குப் பின்னால் வால் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லர் கொக்கியை 100 கிலோ அழுத்தினால் பின் அச்சில் 160 கிலோ ஏறும், முன் அச்சிலிருந்து 60 கிலோ குறையும். ஸ்டியரிங் இருப்பதோ முன்னால். இதைவிடவும் மோசம், வால் பகுதியில் பெரும்பாலும் அசல் சேஸிஸே இருக்காது. பாடி கட்டியவர் ஒட்டவைத்த நீட்டிப்பு. பயணிகளின் மூட்டையைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கொக்கியிலிருந்து அசல் சட்டம்வரை இரும்பு எந்த வழியாகப் போகிறது என்று விரலால் தொடர்ந்து பார்த்து, நடுவில் வெறும் தகடு வந்தால் காரைத் தனியாக ஓட்டி வருவதே மேல்.

விலை மலிவாக இருப்பதற்கும் காரணம் இருக்கும். 15 வருடத்துக்கு மேற்பட்ட வர்த்தக வாகனங்களை மாநகர்ப் பகுதியிலிருந்து விலக்கும்படி கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008-ல் உத்தரவிட்டது. அடுத்த வருடமே நூற்றுக்கணக்கான பஸ்கள் தெருவைவிட்டுப் போயின. எனவே பதிவுப் புத்தகத்தில் வருடத்தைப் பார்ப்பது அவசியம். இருக்கைகளைக் கழற்றிப் படுக்கை போட்டவர் அதற்கு அனுமதி வாங்கினாரா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க விடுவதில்லை. புத்தகத்தில் இன்னும் 'பஸ், 50 இருக்கை' என்றே இருந்தால், முதல் செக்போஸ்ட்டிலேயே தகராறு ஆரம்பம்.

கடைசியாக ஒரு பென்சிலும் வெள்ளைக் காகிதமும் போதும். சேஸிஸில் பொறித்த எண்ணின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் தெளிவாக விழும். பதிவுப் புத்தகத்து எண்ணோடு அது பொருந்துகிறதா என்று பார்த்த பிறகு உள்ளே ஏறி மெத்தையை அழுத்திப் பார்க்கலாம்.