மடி காத்திருக்காது

சாளை,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மிணி,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு அப்போது பதில் சொல்ல முடியவில்லை. கட்டுத்தறியில் நின்றுகொண்டிருந்தேன், இருட்டும் கட்டிவிட்டது. "அண்ணா, உன்ற கதையில மனுசங்களுக்குச் சரிக்குச் சரியா ஆடு மாடு வருதே, ஏன்?" என்றாய். இன்று ஆடுகளைப் பட்டியில் அடைத்தாயிற்று, குட்டிகளைக் கொடாப்பில் மூடியாயிற்று. உட்கார்ந்து எழுதுகிறேன்.

சித்திரையில் நீ வந்தபோது பிறந்திருந்த செவலைக் கன்று நினைவிருக்கிறதா? இப்போது பார்த்தால் இது வேறு கன்று என்பாய். காங்கயம் கன்று சிவப்பாகத்தான் பிறக்கும், ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது மாறுவது தெரிவதில்லை. ஒருநாள் காலையில் தண்ணீர் காட்டும்போது பார்த்தேன், செவலை போயிருந்தது. அன்றைக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் 'ஆறு மாதம் கழிந்தது' என்றிருந்த வரியை அடித்தேன். அதில் வரும் பெண் கன்றை அவிழ்த்து வெளியே கட்டுகிறாள், கன்று மயிலையாகிவிட்டது. அவ்வளவுதான் எழுதினேன்.

கொறங்காட்டில் ஆடு மேய்க்கிற நேரத்தில்தான் எனக்கு ஆட்கள் பிடிபடுகிறார்கள். செம்மறி தலை கவிழ்ந்து கொளுக்கட்டைப் புல்லை மேய்ந்துகொண்டே போகும், முன்னால் போகிற ஆட்டைத் தவிர வேறொன்றும் அதற்கு வேண்டாம். வெள்ளாடு கிளுவை வேலியில் முன்னங்காலை ஊன்றி எட்டிக் கொழுந்தைக் கடிக்கும். காலடியில் புல் இருந்தாலும் அதன் கண் மேலேதான். பங்காளிச் சண்டைக் கதையில் வருகிற அண்ணனும் தம்பியும் அந்த வேலியோரம் கிடைத்தவர்கள்தான். அப்பா கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப் போனதையும் சொல்ல வேண்டும். துண்டுக்கு அடியில் இரண்டு பேர் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், வாயிலிருந்து ஒரு சொல் வராது. ஆனால் யாருக்குப் பணம் அவசரம் என்பது முகத்தில் தெரிந்துவிடும். வசனம் நீண்டுகொண்டே போகும்போதெல்லாம் அந்தத் துண்டை நினைத்துக்கொள்கிறேன்.

பெருமாள்முருகனின் 'பூனாச்சி'யை நான் உனக்குக் கொடுத்ததும் இதற்காகத்தான். 2015 ஜனவரியில் இனி எழுத மாட்டேன் என்று அறிவித்தவர், 2016 ஜூலையில் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு வெளியிட்ட முதல் நாவல் ஒரு வெள்ளாட்டைப் பற்றியது. அதை அவர் ஒளிந்துகொண்ட இடம் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆடு மேய்க்கும் சிறுவர்களை வைத்துக் 'கூளமாதாரி'யை 2000-லேயே எழுதியவர். தன் வீட்டுக்குத் திரும்பி வந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

இனிச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். ஆவணியில், நெற்றியில் சுட்டி போட்ட நம் கருப்பு மூட்டுக்குட்டி முதல் ஈத்து ஈன்றது. ஒரே குட்டி, மூச்சில்லை. நக்கி நக்கி எழுப்பப் பார்த்தது. அதே சமயம் இன்னொரு ஆடு மூன்று குட்டி போட்டுவிட்டுப் பால் பத்தாமல் நின்றது. மேக்காலத் தோட்டத்து அப்பத்தா வந்து, செத்த குட்டியின் மேலிருந்த ஈரத்தை வழித்து அந்த மூன்றாவது குட்டிக்குத் தடவிவிட்டது. சுட்டி மோந்து பார்த்தது, உதைத்தது. இரண்டு நாள் நான் காலைப் பிடித்துக்கொண்டுதான் ஊட்டவிட்டேன். மூன்றாம் நாள் தானாகவே நின்றது. ஆனால் அம்மிணி, பால் கொடுத்து முடித்ததும் நேராகப் போய், தான் ஈன்ற இடத்து மண்ணை மோந்து பார்த்து மெல்லக் கத்தும். பிறகு வந்து இந்தக் குட்டியை நக்கும். பத்து நாளைக்கு மேல் இப்படியே நடந்தது.

அப்பாவை எடுத்த மறுநாள் விடிகாலையில் அம்மா செம்பை எடுத்துக்கொண்டு கட்டுத்தறிக்குப் போனது உனக்கு மறந்திருக்காது. "கண்ணு காயறதுக்குள்ள பால் கறக்கப் போயிட்டா" என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். உனக்குப் பன்னிரண்டு வயது, அம்மாவிடம் இரண்டு நாள் நீ பேசவில்லை. "கறக்காட்டி மடி கட்டிக்கும் கண்ணு, அதுக்கென்ன தெரியும்" என்று மட்டும் அம்மா சொன்னாள்.

இருபது வருசமாக அந்தக் காலையை எழுதிப் பார்க்கிறேன். எழுதும்போதெல்லாம் அம்மா மாட்டின் மேல் தலை சாய்த்து அழுதுவிடுவாள், இல்லாவிட்டால் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பாள். இரண்டுமே நடக்கவில்லை. நான்தான் அவளுக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். சுட்டியைப் பார்த்த பிறகு அதையெல்லாம் எடுத்துவிட்டேன். அம்மா மடியைக் கழுவுகிறாள். பால் இறங்கக் கன்றை விடுகிறாள், பிடித்துக் கட்டுகிறாள். செம்பில் முதல் பீர் விழுகிற சத்தம் கேட்கிறது. எப்போதும் கன்றுக்கென்று ஒரு காம்பை விடுகிறவள், அன்று இரண்டை விட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள். கதை அங்கேயே நின்றுவிடுகிறது.

இத்துடன் அதை வைத்திருக்கிறேன். நீ பேசாமல் இருந்த இரண்டு நாளும் அதில் வருகிறது. வேண்டாம் என்று தோன்றினால் சொல், எடுத்துவிடுகிறேன். உன் பதில் வரும்வரை பத்திரிகைக்கு அனுப்ப மாட்டேன்.

நேற்றுப் பொழுதோட அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சோளத்தட்டைக் கட்டு பிரித்துக்கொண்டே கேட்டாள். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "ரெண்டு இல்ல சாமி, மூணு" என்றாள்.

திருத்திவிட்டேன்.

அன்புடன்,
அண்ணன்