அடுத்த வீட்டுப் பூனையும் எலி கேக்கும்

எலித் தொல்லை பற்றிக் கேட்கும் விவசாயிகள் பெரும்பாலும் "என்ன மருந்து வைக்கலாம் சார்?" என்றுதான் தொடங்குவார்கள். மருந்து தின்ற எலியை அப்புறம் யார் தின்பார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. தொப்பூரில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான் வருகிறது.

சாம்பல் நிறத்தில் வரி போட்ட பெட்டைப் பூனை. அந்த வீட்டு மகனும் மருமகளும் பிள்ளையோடு பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் ஆயா மட்டும்தான். துணைக்கு இரண்டு வெள்ளாடு, திண்ணை அறையில் நிலக்கடலை மூட்டைகள். பேரன் தூக்கிவந்த பூனை அது. பேரன் போன பிறகு அதற்குச் சோறு வைக்க ஆள் இல்லை. விலா எலும்பு தெரிய என் சமையலறைச் சுவரில் வந்து உட்காரும். நான் எழுந்தால் ஓடிவிடும்.

ஆயாவிடம் கேட்டேன். "சோறு போட்டா அது எதுக்கு சார் எலி புடிக்கும்?" என்றார். நம் ஊர்ப்பக்கம் பலரும் நம்புவது இது. ஆனால் வேட்டை பூனையின் பிறவிக் குணம். வயிறு நிறைந்திருந்தாலும் எலி ஓடினால் பாயும். பசித்த பூனைதான் இரை தேடி ஊரெல்லாம் சுற்றும், நம் மூட்டைப் பக்கம் தங்காது. ஒன்று சொல்ல வேண்டும்: வளர்ந்த பெருச்சாளியோடு பூனை அவ்வளவாக மோதாது. சுண்டெலியும் இளம் எலியும்தான் அதன் கணக்கு.

ஆயாவிடம் சொல்லிவிட்டே தினமும் ஒரே நேரத்தில் தட்டு வைக்கத் தொடங்கினேன். மேட்டூர் அணை மீன் வாங்கும் நாளில் தலையை வேகவைத்து முள் எடுத்துச் சோற்றில் பிசைந்து தருவேன். கருவாடு என்றால் நன்றாக அலசி உப்பைப் போக்க வேண்டும். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காமல் வயிற்றால் போகும். தட்டை வைத்துவிட்டு நேராக முறைக்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து, கண்ணை மெதுவாக மூடித் திறப்பேன். கண்ணை அப்படி மூடித் திறப்பவரிடம் பூனைகள் கூடுதலாக நெருங்குவதை 2020-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். மூன்றாவது வாரம் அது என் காலில் உரசியது. அன்று அலுவலகத்துக்குத் தாமதமாகத்தான் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆயா எலி கேக் வாங்கி வந்தார். அதில் இருப்பது 0.005 சதவீத புரோமடியோலோன். தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறையாமல் சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது பூனைக்கு எளிது. எலியின் ஈரலில் தங்கிய மருந்து பூனைக்குள் சேர்ந்து, அதற்கும் உள்ளே ரத்தம் கசியும். கூகைக்கும் இதே கதிதான். கூகை உட்கார வயலில் குச்சி நட்டுவிட்டு அதே வயலில் கேக் வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

"எலி கடலையத் தின்னுதே, அதுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் ஆயா. நியாயமான கேள்வி. மூட்டைகளைச் சுவரை விட்டு ஓரடி தள்ளிப் பலகை மேல் அடுக்கினோம். கதவடிச் சந்தில் தகரம் அடித்தோம். எலிப்பொறியில் சுட்ட தேங்காய்ச் சில்லை வைத்து, முதல் மூன்று நாள் பொறி விழாதபடி திறந்தே விட்டோம். புதுப் பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும். பழகிய பிறகுதான் உள்ளே வரும்.

ஆடு வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூனை மலம் கலந்த தீவனத்தால் சினை ஆட்டுக்குக் கருச்சிதைவு வரலாம். தீவனத்தை மூடி வையுங்கள். கர்ப்பிணிப் பெண்கள் பூனை மலத்தை அள்ள வேண்டாம். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டுப் 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

தக்காளிப் பெட்டி இரண்டைக் கவிழ்த்துக் கட்டி, பூனையை அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று. கருத்தடைக்குத்தான் ஆயா இன்னும் சம்மதிக்கவில்லை; பேரன் வந்து சொல்லட்டும் என்கிறார். ராத்திரியில் அது ஆயாவின் மூட்டை மேல்தான் படுக்கிறது. கேக் பொட்டலத்தை அவர் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் பின்தெருவில் ஒருவர் இன்னமும் கேக் வைக்கிறார். அவரிடம் இரண்டு முறை பேசியாயிற்று. "பாக்கலாம் சார்" என்றிருக்கிறார்.