நான் போட்ட பொய் மதிப்பெண்

மெல்பேர்னில் நடந்த வெள்ளைத் தேயிலை ருசிபார்ப்பு ஒன்றுக்கு என்னையும் நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். கோப்பைகளுக்கு எண் மட்டும்தான். எந்த நாடு, எந்தத் தோட்டம் என்று நடுவர்களுக்குத் தெரியக்கூடாது. நடத்தியவர்கள் என் மேல் வைத்த நம்பிக்கையை நான் காப்பாற்றவில்லை.

கோப்பைக்குப் பக்கத்திலேயே காய்ந்த இலையையும் தட்டில் வைத்திருந்தார்கள். ஒன்று சீனாவின் ஃபூஜியான் மாகாணத்து வெள்ளி ஊசித் தேயிலை: தடித்த மொட்டு, மேலெல்லாம் வெள்ளைப் பூனைமுடி. அடுத்த தட்டில் இருந்தவை ஒல்லியானவை, சாம்பல் பூத்தவை. எங்கள் இலங்கை மலையகத்து சில்வர் டிப்ஸ் தேயிலை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். அம்மா கொழுந்து பறித்தவர். அப்போதே சொல்லி விலகியிருக்க வேண்டும். வாயே திறக்கவில்லை.

வெள்ளைத் தேயிலையில் குறையை மறைக்க இடமில்லை. அரைப்பதும் கிடையாது, புளிக்க விடுவதும் கிடையாது; பறித்ததை வாட்டி, உலர்த்துவதோடு சரி. சீன மொட்டின் லேசான இனிப்பு விழுங்கிய பிறகும் தொண்டையில் நின்றது. எங்களுடையதில் வாசம் நன்றாக எழுந்து, சட்டென்று அடங்கி, கடைசியில் காகிதத்தை மென்றது போல ஒரு வறட்சி. ஈரக்காற்றுப் பட்டுப் பழசான தேயிலையின் ருசி அது. ஃபேக்டரி வாசலில் வளர்ந்த எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும் எங்களுடையதற்கு 94 போட்டேன், சீனத்துக்கு 86. 'பின்சுவை நீண்டு நிற்கிறது' என்று சீனக் கோப்பையில் ருசித்ததை எங்கள் தாளில் எழுதினேன்.

1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட காலத்திலிருந்து அந்த மலைகளில் முதுகொடிந்தது எங்கள் சனம். 1948இல் எங்கள் குடியுரிமை பறிபோனது. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் 2021இல்தான் சட்டப்படி வந்தது, அதுவும் பல வருடம் போராடிய பிறகு. ஒரு மேசையிலாவது எங்கள் கொழுந்து முதலில் நிற்கட்டும் என்று நினைத்தேன். அதை நியாயம் என்றே அன்று நம்பினேன்.

ஆனால் அந்த 94ஆல் தோட்டத்து லயத்தில் இருக்கும் ஒருத்திக்கும் ஒரு சதம் போய்ச் சேராது. பழசாகிவிட்டது என்று எழுதியிருந்தால், அனுப்பியவர் பொதி கட்டுவதையாவது திருத்தியிருப்பார். அந்த உதவியையும் நான் செய்யவில்லை. ஃபூஜியானில் வசந்தத்தின் தொடக்கத்தில் கொஞ்ச நாளே கிடைக்கும் மொட்டை ஒவ்வொன்றாகக் கிள்ளியவர்களும் கொழுந்து பறிக்கிறவர்கள்தான். அவர்களுக்குச் சேர வேண்டியதைத்தான் நான் எடுத்து எங்கள் பக்கம் வைத்தேன்.

பிறகு நடத்தியவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, என் தாளைத் தள்ளிவிடக் கேட்டேன். முடிவு அறிவித்தாயிற்று, இனி மாற்ற வழியில்லை என்றார். அடுத்த தடவை கூப்பிட்டபோது, இலங்கைத் தேயிலை வரும் மேசையில் என்னைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.