கண்ணாடி அணிந்த கரையான்

நூல்களுக்கு நடுவேதான் நம் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. ஓதியதும் நூல், ஓதிக்கொடுத்ததும் நூல். ஆயினும் நூலைப் பற்றிய ஒரு பாடத்தை நமது ஐம்பத்தாறாம் வயதில், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியிடம் கற்க நேர்ந்தது. அதனை வாசக அன்பர்களுக்குச் சொல்லாமல் மறைப்பது நன்றன்று என்று கருதியே இதனை எழுதுகின்றோம்.

2024ஆம் ஆண்டின் கோடை விடுமுறை. நம்மூர் இளைஞர் சிலர் கூடி, கடைத்தெருவை ஒட்டிய பழைய கிட்டங்கி ஒன்றை வெள்ளையடித்துச் சமுதாய நூலகமாக்கியிருந்தனர். வீடுவீடாகக் கேட்டுப் பெற்ற நூல்கள் நாலைந்து அலமாரிகளை நிறைத்திருந்தன. ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் அவர்களில் இருவர் நம் இல்லம் வந்தனர்.

"ஆலிம்சா, பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கிறோம். நூலகத்துக்கு ஒரு மஸ்காட் வேண்டும். நீங்கள் நடுவராக வந்து அமர வேண்டும்" என்றனர்.

"மஸ்கத் ஓமானில் அல்லவா இருக்கிறது? அங்கே நம்மூர்ப் பிள்ளைகள் முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார்களே!" என்றோம்.

சிரித்துவிட்டு விளக்கினர். 1982இல் டில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு 'அப்பு' என்னும் யானைக்குட்டி இருந்ததே, 2022இல் மாமல்லபுரத்துச் சதுரங்க ஒலிம்பியாட்டுக்கு வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' இருந்ததே, அத்தகைய ஒன்று தங்கள் நூலகத்துக்கும் வேண்டும் என்றனர். அப்புவை நாம் நன்கறிவோம். அப்போது நமக்கு வயது பதினான்கு. மதரஸா விடுதியில் அதன் படத்தைச் செய்தித்தாளிலிருந்து கத்தரித்துக் கிதாபுக்குள் ஒளித்துவைத்து, உஸ்தாதிடம் அகப்பட்டு விழித்தவர்களில் நாமும் ஒருவர்.

அவர்கள் சென்றபின் நமக்கு இரண்டு தயக்கங்கள் எழுந்தன. முதலாவது, அச்சொல்லைப் பற்றியது. அது பிரெஞ்சு மொழிச் சொல். 1880இல் பாரிஸில் அரங்கேறிய 'லா மஸ்கோத்' என்னும் இசைநாடகம் அதனைப் பரப்பியது. நற்பேற்றைக் கொண்டுவரும் ஆள் அல்லது பொருள் என்பதே அதன் பழம்பொருள். நன்மையும் தீமையும் இறைவன் நாட்டப்படியே என்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாம், நற்பேற்றுப் பொம்மைக்கு நடுவராவது எங்ஙனம்? இரண்டாவது, உருவம் பற்றியது. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது குறித்து நம் இமாம்களிடையே கண்டிப்பும் விரிவும் உண்டு. ஓவியம் எழுதிப் பிழைத்த ஒருவரிடம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், எழுதித்தான் ஆகவேண்டுமெனில் மரத்தையும் உயிரற்றவற்றையும் எழுதிக்கொள்ளுமாறு அறிவுறுத்திய செய்தி ஹதீஸ் நூல்களில் உள்ளது.

ஆனால், மற்றொரு செய்தியும் அபூதாவூதில் உள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளிடையே துணியால் இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்படவில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். அண்ணலார் கடைவாய்ப்பற்கள் தெரியச் சிரித்தார்கள். பிள்ளைகளின் விளையாட்டுக்கென அறிஞர் பலர் வழங்கிய சலுகைக்கு இந்தச் சிரிப்பும் ஒரு சான்று. இச்சிரிப்பை நினைத்தபோது நம் தயக்கம் இளகிற்று. நற்பேறு என்னும் பேச்சு கூடாது, அடையாளம் என்ற அளவோடு நிற்கவேண்டும், தொழும் திசைச் சுவரில் எந்தப் படத்தையும் மாட்டலாகாது என்னும் நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டோம்.

போட்டியன்று நாற்பத்து மூன்று படங்கள் வந்தன. நம்மோடு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும், ஓவிய ஆசிரியை ஒருவரும் நடுவர்கள். ஒன்பது பிள்ளைகள் ஆந்தையை வரைந்திருந்தனர். மேனாட்டுப் படப் புத்தகங்களில் ஆந்தை அறிவின் அடையாளம். நம் நாட்டிலோ அதன் அலறல் சாவுக்குறி. அரபு நாட்டிலும் அறியாமைக் காலத்தில், கொலையுண்டவன் தலையிலிருந்து ஆந்தை புறப்பட்டுப் பழிவாங்கக் கோரி அலறும் என்று நம்பினர். அந்நம்பிக்கையை நபிகளார் பொய்யென்று மறுத்தார்கள். ஆதலால் ஆந்தைகளைக் கண்டு நாம் முகம் சுளிக்கவில்லை. ஆமை ஒன்று முதுகில் நூல்களைச் சுமந்து வந்தது. எறும்பு ஒன்று அரிசிக்குப் பதிலாக 'அ' என்னும் எழுத்தை இழுத்துச் சென்றது. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கொண்டலாத்தியை வரைந்திருந்தான். விரிந்த கொண்டை, அலகில் ஒரு மடல். சுலைமான் நபியின் மடலை ஸபா நாட்டு அரசிக்குச் சுமந்து சென்ற ஹுத்ஹுத் பறவை அதுவே அன்றோ! அதற்கு ஒன்பது மதிப்பெண் இட்டோம்.

அடுத்து வந்தது ஒரு கரையான்.

வெளுத்த உடல், தடித்த தலை, அத்தலைக்குப் பெரிதான மூக்குக்கண்ணாடி. முன்னங்கால்களில் விரித்த நூல். தலைமையாசிரியர் வாய்விட்டு நகைத்தார். "கள்வனையே காவலுக்கு வைக்கச் சொல்கிறாள் இந்தப் பிள்ளை!" என்றார். நாம் நகைக்கவில்லை. சுழியம் இட்டோம். இட்ட வேகத்தில் எழுதுகோல் தாளைக் கிழித்தது.

நிற்க. அந்தச் சினத்தின் வேர் எதுவென்று வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

நம் வாப்பாவும் ஓர் ஆலிம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்களின் 'ஃபத்ஹுத் தய்யான்' முதலிய அரபுத்தமிழ் நூல்களை ஓதி வளர்ந்தவர். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அக்கையெழுத்து அவருக்கு முத்துக் கோத்தாற்போல் அமையும். நாற்பது ஆண்டுகள் ஓதிக்கொடுத்தபோது தோன்றிய விளக்கங்களையும், தம் உம்மா பாடக் கேட்ட தாலாட்டுகளையும், ஊர்ப் பெரியவர்களின் பிறப்பு இறப்பு விவரங்களையும் குறிப்பேடுகளில் அவ்வெழுத்தில் எழுதிவைத்தார். 1994இல் அவர் மறைந்தார். குறிப்பேடுகள் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. அப்போது நாம் வெளியூர் மதரஸா ஒன்றில் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். அடுத்த விடுமுறையில் பிரித்துப் பார்க்கலாம் என்று எண்ணி, பெட்டியைப் பின்கட்டில் மண்தரை மீது, சுவரோடு ஒட்டினாற்போல் வைத்துப் பூட்டிச் சென்றோம். அடுத்த விடுமுறை, அதற்கடுத்த விடுமுறை என்று நான்கு ஆண்டுகள் கடந்தன. 1998இல் திறந்தபோது பூட்டு பூட்டியபடியே இருந்தது. பெட்டிக்குள் இருந்தது மண். மண்ணைக் கிளற, விளிம்பு மட்டும் எஞ்சிய பதினோர் ஏடுகள் கிடைத்தன.

அச்சான நூல் ஓரிடத்தில் அழிந்தால் வேறோரிடத்தில் பிரதி கிடைக்கும். கையெழுத்து ஏடு அழிந்தால் அழிந்ததுதான். அதனை உம்மாவிடம்கூட நாம் சொல்லவில்லை. கரையான் தின்றுவிட்டது என்று கரையானைச் சபித்து மனத்தைத் தேற்றிக்கொண்டோம்.

இத்தகைய ஒருவர் முன்னேதான் அச்சிறுமி தன் கரையானைக் கொண்டுவந்து வைத்தாள்.

ஒவ்வொரு பிள்ளையும் தன் படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும் என்பது போட்டியின் விதி. அவள் முறை வந்தது. "கரையான் ஏனம்மா?" என்று ஓவிய ஆசிரியை கேட்டார்.

"அதுக்குக் கண்ணு கிடையாது, டீச்சர். பள்ளிக்கூடத்துல சொல்லிக்கொடுத்தாங்க. கண்ணு தெரியாமத்தான் புஸ்தகம்னு தெரியாம தின்னுடுது. கண்ணாடி போட்டுவிட்டா வாசிக்கும்ல?" என்றாள். பிறகு நம்மைப் பார்த்து, "அது மேல தப்பில்லை, ஆலிம்சா" என்று சேர்த்துக்கொண்டாள்.

நாம் வாயடைத்துப்போனோம். அவள் சொன்ன உண்மையில் பிழையில்லை. உழைக்கும் கரையான்களில் பெரும்பாலானவற்றுக்குக் கண்ணில்லை. வெளிச்சத்துக்கு அஞ்சி மண்ணால் கூரை வேய்ந்துகொண்டே நடக்கும். விறகாயினும் தாளாயினும் அவற்றிலுள்ள நார்ப்பொருளே அதற்கு உணவு. வாப்பாவின் எழுத்தை அது தின்னவில்லை, தாளைத்தான் தின்றது. எழுத்தைக் காணும் கண் நமக்கு இருந்தது. நான்கு ஆண்டுகள் அதனைத் திறவாதிருந்தோர் நாம்தாம்.

பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்க, நம் மனம் ஓதிய கிதாபுகளைப் புரட்டத் தொடங்கிற்று. கரையானை இழிந்ததென்று எண்ணினோமே, திருமறையிலேயே அதற்கோர் இடமுண்டே! சுலைமான் நபி (அலை) அவர்கள் ஊன்றுகோலில் சாய்ந்தவாறே உயிர் துறந்தார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பதாகவே எண்ணி ஜின்கள் உழைத்துக்கொண்டிருந்தன. மண்ணின் சிற்றுயிர் ஒன்று கோலை அரித்து, அவர்கள் சாய்ந்த பின்னரே உண்மை புலனாயிற்று என்று ஸபா அத்தியாயம் அறிவிக்கிறது. அச்சிற்றுயிர் கரையானே என்பர் விரிவுரையாளர். மற்றொன்று சீறா வரலாற்றில் உள்ளது. ஹாஷிம் குலத்தாரை ஒதுக்கிவைத்துக் குறைஷிகள் எழுதிக் கஅபாவினுள் தொங்கவிட்ட கொடும் பத்திரத்தைக் கரையான் அரித்தது. அல்லாஹ்வின் திருநாமம் வரையப்பட்ட இடம் மட்டும் தப்பியது என்பது ஓர் அறிவிப்பு.

தமிழிலும் செல் என்பது கரையானின் பெயர். அதனாலன்றோ பழைய ஏட்டைச் செல்லரித்த ஏடு என்கிறோம்! தில்லையில் பூட்டிய அறைக்குள் தேவார ஏடுகளைப் புற்று மூடிக் கிடந்ததாகச் சைவர்கள் வரலாறு சொல்வர். எச்சமயத்தவர் ஏடாயினும், பூட்டிவைத்த ஏட்டின் கதை ஒன்றுதான்.

இன்னுமொன்று நினைவுக்கு வந்தது. பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றின் முதல் ஏட்டில் 'யா கபீகஜ்' என்று எழுதியிருக்கும். கபீகஜ் என்பது பூச்சிகளை விரட்டும் ஒரு நச்சுச்செடியின் பெயர். நாளடைவில் அதனைப் பூச்சிகளின் அரசன் என்றே கருதிய எழுத்தர்கள், தங்கள் நூலைக் காக்குமாறு அவனையே விளித்து எழுதலாயினர். இறைவனையன்றிப் பிறரிடம் காவல் வேண்டுவது நம் மார்க்கத்துக்கு உகந்ததன்று. அதனை நாம் ஒப்பவில்லை. ஆயினும், நூலைத் தின்பவனையே நூலுக்குக் காவலனாக்கும் எண்ணம் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் எழுத்தர்களுக்குத் தோன்றியிருக்கிறது. எதையும் ஓதியிராத சிறுமி அதனினும் ஒரு படி மேலே சென்றாள். அவர்கள் பூச்சியரசனிடம் கெஞ்சினர். அவளோ பூச்சிக்கு வாசிக்கக் கற்பிக்கத் துணிந்தாள்!

நாம் இட்ட சுழியத்தை அடித்து ஒன்பது என்று திருத்தினோம். தலைமையாசிரியர் நம்மை வியப்போடு நோக்கினார். கூட்டிப் பார்த்தபோது கொண்டலாத்தியே இரண்டு மதிப்பெண் வேறுபாட்டில் வென்றது. அதில் நமக்கு மனக்குறையில்லை. வருவோரை வரவேற்க மடல் சுமந்த பறவையே ஏற்றது. அது இன்று நூலகத்தின் பெயர்ப்பலகையில் இருக்கின்றது.

பரிசளிப்பு முடிந்தபின் அச்சிறுமியை அழைத்து, "மகளே, உன் படத்துக்கு முதலில் நான் சுழியம் போட்டேன், தெரியுமா?" என்று கேட்டோம். தன்னை 'நான்' என்று சொல்லி நெடுநாளாயிற்று. அந்த வேளையில் 'நாம்' என்னும் சொல்லுக்குப் பின்னே ஒளிந்துகொள்ள நாணமாக இருந்தது. பெட்டியின் கதையை அவளிடம் சொன்னோம். இருபத்தாறு ஆண்டுகளில் முதன்முறையாக அதனைச் சொன்னது அப்போதுதான். அவள் சற்று நேரம் யோசித்து, "மிச்சம் இருக்கிற பதினொண்ணை யாராவது வாசிச்சாங்களா?" என்று கேட்டாள்.

இல்லை. நாமும் வாசிக்கவில்லை. துணியில் சுற்றி மற்றொரு பெட்டியில் வைத்திருந்தோம்.

சாய்ந்து நின்ற சுலைமான் நபியின் நிகழ்ச்சி அன்றிரவு வேறொரு பொருளோடு நம் நெஞ்சில் நின்றது. பூட்டிய அலமாரிகளோடு எத்தனை வீடுகள் நிமிர்ந்து நிற்கின்றன! கண்ணாடிக்குப் பின்னே கிதாபுகளைக் கண்டு, இல்லத்தில் கல்வி உயிரோடிருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். அது எப்போதோ ஓய்ந்துவிட்டதை நமக்கு அறிவிக்க ஒரு கரையான் வேண்டியிருக்கிறது.

இளைஞர்களிடம் சொல்லிக் கரையான் படத்தைச் சட்டமிட்டு அலமாரிகளின் பக்கத்தில் மாட்டச் செய்தோம். அதன் கீழ் வெள்ளிதோறும் நாலு பிள்ளைகள் கூடுகின்றனர். அலமாரிகள் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி, கல்மீது நிற்கின்றனவா என்று பார்க்கின்றனர். வேப்பிலையும் வசம்பும் மாற்றுகின்றனர். ஒரு மாதமாக எவரும் தொடாத நூல் எதுவெனத் தேடியெடுத்து, அதிலிருந்து ஒரு பக்கம் உரக்க வாசிக்கின்றனர். இந்தக் கடைசி வழக்கம் அச்சிறுமி சொன்னது.

பதினோர் ஏடுகளையும் நாம் அங்கே கொண்டு சென்றோம். அரபு எழுத்து அறிந்த பிள்ளைகள் எழுத்துக் கூட்டினர். விளிம்புகளில் முழு வரி எதுவும் இல்லை. ஓர் ஏட்டில் மட்டும் நம் பெயரும், நாம் பிறந்த நாளும், பாதி துஆவும் இருந்தன. மீதியைக் கரையான் கொண்டுபோயிருந்தது. கண்ணாடி அணிந்த படத்தை நிமிர்ந்து பார்த்தோம். அதன்மீது நமக்குச் சினம் எழவில்லை. எஞ்சியவற்றைக் காக்கும் அறிவையும், காத்தவற்றை வாசிக்கும் கண்ணையும் இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.