பால் சுரக்கும் மார்பில் அறுவை: ஒரு புண்ணின் நாட்குறிப்பு

அறுவை நாள்

பாலூட்டும் தாய்க்கு மார்பில் கத்தி வைக்க நேரும் காரணங்களில் முதன்மையானது சீழ்க்கட்டி. மார்பழற்சி கண்ட தாய்மாரில் 3 முதல் 11 விழுக்காட்டினருக்கு அது சீழ் கோத்துக் கட்டியாகத் திரள்வதாகக் கணக்கு. அதுவும் பெரும்பாலும் பிரசவத்தை அடுத்த சில வாரங்களிலேயே நேர்கிறது. சீழில் வழக்கமாக அகப்படும் கிருமி ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ். ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் சீழை உறிஞ்சி எடுப்பதுதான் இன்று முதல் வழி. ஒரே தடவையில் தீராமல் இரண்டு மூன்று தடவை உறிஞ்ச வேண்டியும் வரலாம். கட்டி 5 செ.மீ.க்கு மேல் பெருத்திருந்தாலும், மேல்தோல் மெலிந்து பளபளத்து நின்றாலும், ஊசிக்கு அடங்காவிட்டாலும் கீறி வடிக்கிறார்கள்.

பின்னால் வரும் சிக்கல்களில் பாதியைக் கீறல் விழும் இடமே தீர்மானித்துவிடுகிறது. அதற்குக் காரணம் பால் நாளங்கள். அவற்றைப் பற்றிய பழைய அறிவு ஆங்கில அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1840இல் வெளியிட்ட உடற்கூறு நூலை ஒட்டியது. 2005இல் மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பாலூட்டும் மார்புகளை அல்ட்ராசவுண்டில் பார்த்தபோது, காம்பில் திறக்கும் முதன்மை நாளங்கள் முன்பு நினைத்ததைவிடக் குறைவாக, சராசரியாக 9 மட்டுமே எனத் தெரிந்தது. அவை காம்புக்கு மிக அருகிலேயே, தோலுக்குச் சற்றுக் கீழேயே கிளை பிரிகின்றன. நாளங்கள் இவ்வளவு குறைவு என்றால் ஒவ்வொன்றின் இழப்பும் பெரிது. காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்தின் ஓரமாக வளைந்து செல்லும் கீறல் அவற்றைக் குறுக்கே அறுத்துவிடக்கூடும். குழந்தை வாய் வைக்கும் இடத்திலேயே கட்டும் பிளாஸ்திரியும் வந்துவிடும். அதனால் கருவளையத்தை விட்டுத் தள்ளிச் சிறிதாகக் கீறி, மெல்லிய டியூப் ஒன்றைச் செருகிச் சீழை வடியவிடுவது நல்லது.

அன்றிரவு

முதல் இரவில் கவனிக்க வேண்டியது ரத்தக்கசிவு. பால் சுரக்கும் காலத்தில் மார்புக்கு ரத்த ஓட்டம் மிகுதி. கட்டு விரைவாக நனைந்தாலோ, மார்பு திடீரென இறுகிப் பருத்து வலித்தாலோ உள்ளே ரத்தம் தேங்குகிறது என்று பொருள். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மயக்க மருந்து பாலில் இறங்கிக் குழந்தையைக் கெடுக்கும் என்ற அச்சம் பரவலானது. தாய் நன்றாகத் தெளிந்து, குழந்தையைப் பிடித்துக்கொள்ளத் தெம்பு வந்ததும் பால் கொடுக்கலாம் என்பதே இன்றைய நடைமுறை. வலிக்குப் பாராசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும் பொதுவாகப் பாதுகாப்பானவை. கோடீன், டிரமடால் இரண்டையும் பாலூட்டும் தாய்க்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. சில தாய்மாரின் உடல் இம்மருந்துகளை மிக வேகமாக வீரியம் கூடிய பொருளாக மாற்றிவிடும்; அது பால் வழியே சேர்ந்து குழந்தையின் மூச்சை மந்தமாக்கும்.

மறுநாள்

உடலின் வேறெந்த இடத்துப் புண்ணுக்கும் ஓய்வு கொடுக்க முடியும்; பால் சுரக்கும் மார்புக்கு அது முடியாது. பிறந்து ஒரு மாதம் தாண்டிய குழந்தை நாளொன்றுக்குச் சுமார் 750 மி.லி. பால் குடிக்கிறது. புண் இருக்கிறதே என்று அந்தப் பக்கம் கொடுப்பதைத் திடீரென நிறுத்தினால் பால் கட்டிக்கொள்ளும், வீக்கம் புண்ணின் விளிம்புகளைப் பிரித்து இழுக்கும், தேங்கிய பாலில் அழற்சி மறுபடி மூளும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மார்பைச் சொட்டுவிடாமல் காலி செய்கிறோம் என்று பம்ப் வைத்து ஓயாமல் எடுத்தால், எடுக்க எடுக்கச் சுரப்பு கூடும், வீக்கமும் குறையாது. குழந்தை பசித்துக் கேட்கும் அளவுக்கு ஊட்டுவதே போதும்.

குழந்தையின் வாய் புண்ணிலோ சீழிலோ படாதவரை அந்த மார்பிலேயே கொடுக்கலாம். மடியில் குறுக்கே கிடத்துவதைவிட, குழந்தையின் உடலைத் தாயின் கக்கத்துக்குக் கீழே வைத்துத் தலையைக் கையில் ஏந்தும் நிலை பலருக்கு வசதி. குழந்தையின் கைகால் புண்ணின் கட்டு மேல் இடிக்காது. சில குழந்தைகள் அந்தப் பக்கம் வாய் வைத்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அழற்சியின்போது சுரப்பிச் செல்களுக்கிடையே இறுக்கம் தளர்ந்து சோடியமும் குளோரைடும் பாலில் கசிவதால் பால் உப்புக்கரிக்கும். அழற்சி தணிந்தால் சுவை திரும்பிவிடும். அதுவரை பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம்.

மூன்றாம் நாள்

சீழைச் சோதனைக்கு அனுப்பியிருந்தால் கல்ச்சர் முடிவு இந்த வாக்கில் வந்துவிடும். குளோக்ஸாசிலின், செஃபலெக்சின் போன்ற வழக்கமான ஆன்டிபயாடிக்குகள் பாலூட்டலுக்கு உகந்தவை. அவற்றுக்கு மசியாத ஸ்டஃபைலோகாக்கஸ் எனத் தெரிந்தால் மருந்தை மாற்ற வேண்டும். கோட்ரைமாக்ஸசோல் போன்ற சில மருந்துகளைப் பச்சிளங்குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருந்தால் தவிர்க்கிறார்கள்.

வீட்டு வைத்தியம் தொடங்குவதும் இந்தக் கட்டத்தில்தான். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கட்டியை விரலால் அழுத்தி உருட்டிக் கரைக்கப் பார்ப்பார்கள். வீங்கிய திசுவை அழுத்தித் தேய்ப்பது அதை மேலும் புண்ணாக்கும். ஊட்டி முடித்தபின் குளிர்ந்த ஒத்தடமே வலியையும் வீக்கத்தையும் குறைக்கும். மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டும் வழக்கத்தில் இன்னும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் பால் வற்றச் செய்யவே குண்டுமல்லியைப் பயன்படுத்துவார்கள். 1988இல் வெளியான வேலூர் ஆய்வு ஒன்று, மல்லிகை வைத்த தாய்மாருக்குப் பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோன் குறைந்ததைக் கண்டறிந்தது. ஊட்டலைத் தொடர விரும்பும் தாய்க்கு அது பொருந்தாது.

பத்தாம் நாள்

சீழ் நின்று, கட்டுத்துணியில் வெண்மையாக நீர்த்த கசிவு தெரிந்தால் அது பால். அறுபட்ட நாளத்துக்கும் தோலுக்கும் இடையே வழி உண்டாகிக் காம்புக்குப் போக வேண்டிய பால் புண் வழியே வெளியேறுகிறது. இதைப் பால் புரை எனலாம். குழந்தை குடிக்கத் தொடங்கியதும் பாலை வெளியே தள்ளும் ஆக்சிடோசின் ஹார்மோன் சுரந்து, புண்ணிலும் பால் துளிர்ப்பதைக் கண்ணால் பார்க்கலாம். தாயை இது அச்சுறுத்தினாலும் பெரும்பாலும் ஆபத்தானதல்ல. பால் திறந்திருக்கும் மடை வழியே ஓடும்; காம்பு வழியே ஒழுங்காக ஊட்டிவந்தால் புண்வழி மெல்லத் தூர்ந்துவிடும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கலாம். அதுவரை உறிஞ்சும் பஞ்சுக்கட்டை அடிக்கடி மாற்ற வேண்டும். சுற்றுத் தோல் ஊறிப் புண்ணாகாமல் துத்தநாகக் களிம்பு தடவலாம்.

கசிவு நிற்கவே இல்லையென்றால், சுரப்பைக் குறைப்பது அல்லது முழுக்க நிறுத்துவது கடைசி வழி. அதற்கு இப்போது தருவது காபர்கோலின். முன்பு பயன்பட்ட புரோமோகிரிப்டின் ரத்தக் கொதிப்பு, பக்கவாதம் ஆகியவற்றோடு தொடர்புபட்டதால், பால் நிறுத்துவதற்கான அதன் அனுமதியை அமெரிக்கா 1990களின் நடுவில் விலக்கிக்கொண்டது.

மூன்றாம் வாரம்

புண்பட்ட பக்கம் சுரப்பு குறைவது இயல்பு. ஒரு மார்பின் சுரப்பு மற்றதைச் சார்ந்ததல்ல. எவ்வளவு பால் எடுக்கப்படுகிறதோ அவ்வளவுதான் அந்தந்த மார்பு சுரக்கும். அதனால் நல்ல பக்கம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும். ஒரே மார்பில் குழந்தையை முழுமையாக வளர்க்க முடியும்.

ஆறாம் வாரம்

இதற்குள் புண் மூடி, உள்ளே லேசான தடிப்பு மட்டும் எஞ்சியிருக்க வேண்டும். கட்டி கரையாமல் நின்றாலோ, அதே இடத்தில் திரும்பத் திரும்பச் சீழ் கோத்தாலோ சாதாரணச் சீழ்க்கட்டி என்று விட்டுவிடக்கூடாது. இந்தியாவில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். வழக்கமான ஆன்டிபயாடிக்குக்கு அடங்காமல் ஆறாத புழைகளை அது உண்டாக்கும். அரிதாக, சிவந்து வீங்கிய மார்பாகவே புற்றுநோயும் தோன்றும். ஸ்கேனும் ஊசித் திசுச் சோதனையும் செய்யப் பாலூட்டலை நிறுத்த வேண்டியதில்லை.

அடுத்த மகப்பேறு

ஆறிய தழும்பு சில நாளங்களை அடைத்திருக்கலாம். காம்புக்கு உணர்வு தரும் நான்காம் விலா இடை நரம்பு பட்டிருந்தால் அங்கே மரத்துப்போயிருக்கும், பால் இறங்குவதும் தாமதப்படலாம். கர்ப்ப காலத்தில் புதுச் சுரப்பித் திசு வளர்வதால் பலருக்கு அந்த மார்பும் மீண்டும் பால் தருகிறது. பழைய அறுவையைப் பற்றிப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவைத்தால் குழந்தையின் எடையை நெருக்கமாகக் கவனிப்பார்கள். முதல் வாரம் முடிந்தபின் நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோதிருந்த எடையைக் குழந்தை எட்டிவிட்டால், பால் போதுகிறது என்று கொள்ளலாம்.